பனையோலைப் பாய்: ஓலை பார்த்து வாங்கல், ஈரம் பார்த்துப் பேணல்

கையால் செய்த தரைவிரிப்பு என்றதும் உலகம் முதலில் நினைப்பது பாரசீகக் கம்பளத்தை. ஈரானின் பார்ஸ், காஷான் பகுதிகளின் கம்பள நெசவு 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அந்தக் கம்பளத்தை வாங்கத் தெரிந்தவர் கடைக்குள் போனதும் மூலையைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். முன்பக்கத்துப் பூவும் கொடியும் கண்ணைப் பறிக்கும். முடிச்சு நெருக்கமாக விழுந்திருக்கிறதா, ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியா, பிறகு தைத்து ஒட்டியதா என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும். யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் படகால் இறங்கி நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வருகிறவர் ஒரு பனையோலைப் பாய் வாங்கும்போது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறார். விரித்து வைத்த மேற்பக்கத்தில் சிவப்பும் பச்சையும் எடுப்பாக இருந்தால் காசை நீட்டிவிடுகிறார். இரண்டு மாரி கழிவதற்குள் பாய் கறுத்துப் பொடியும்போது, பனையோலை என்றால் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அந்த முடிவு தவறு. பாயில் படுத்தும் இருந்தும் அதைத் தேய்ப்பதால் வரும் கேடு குறைவு. முற்றிய ஓலையில் இழைத்த பாயும், ஈரத்தோடு சுருட்டி வைத்த பாயும்தான் சீக்கிரம் போகின்றன. இதற்குச் சான்று பாயைவிடப் பழைய இடத்தில் இருக்கிறது. நம்முடைய ஏட்டுச் சுவடிகள் பெரும்பாலும் இதே பனையின் ஓலையில் எழுதப்பட்டவை. உலர்வாக வைத்துப் பேணிய இடங்களில் நூற்றாண்டு தாண்டியும் எழுத்தாணிக் கீறலோடு இருக்கின்றன. ஏட்டோலை பதப்படுத்தப்பட்டது, அதன்மேல் ஒருவரும் படுத்து உருளவில்லை என்று ஒருவர் சொல்லலாம். சொல்வது நியாயமே. பாய் நூறாண்டு வாழும் என்று இங்கே யாரும் உறுதி தரவில்லை. ஆனால் ஓலை தன் இயல்பில் நொய்ந்த பொருள் அல்ல, நனைந்து காயாமல் கிடக்கும்போதுதான் நொய்கிறது என்பதை ஏடுகள் காட்டுகின்றன. ஆகவே வாங்கும்போது ஓலையைப் பாருங்கள், வாங்கியபின் ஈரத்தைப் பாருங்கள். நிறமும் கோலமும் அவற்றுக்குப் பிறகு. இந்த அத்தியாயத்தில் வரும் படிமுறைகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

எந்த ஓலை?

பனைக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனை. அதிலிருந்து அண்ணளவாக மாதத்துக்கு ஓர் ஓலை என்ற கணக்கில்தான் புது ஓலை வருகிறது. மடிந்தபடி நேராக நிற்கும் வெளிறிய ஓலை குருத்து. அதற்கு அடுத்து, விரியத் தொடங்கிய இளம் ஓலை சார்வு. நன்றாக விரிந்து பச்சையேறியது வேலி அடைக்கவும் கூரை மேயவும் போகும். காய்ந்து தொங்கும் காவோலை எரிக்க உதவும். பாய்க்கு வேண்டியது குருத்தும் சார்வும், அதிலும் எட்டி வெட்டக்கூடிய இளம்பனையான வடலியின் ஓலை. இளம் ஓலையில் நார் மெல்லியது, வளைத்தால் வளையும். காய்ந்தபின் வெண்மையாகவோ வெளிர்மஞ்சளாகவோ ஒரே சீராக நிற்கும். முற்றிய ஓலை தடித்தது. விளிம்பில் மடிக்கும்போதே அதன் உள்ளே முறிவு தொடங்கிவிடும். அந்த முறிவு வாங்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

வெட்டிய ஓலையை வெய்யிலில் காயவிட்டு, ஈர்க்கைக் கழித்து, மறுபடி நனைத்துப் பதமாக்கி, ஒரே அகலமாக வார்ந்துகொண்டுதான் இழைக்கத் தொடங்குவார்கள். இங்கே தறி இல்லை. பத்தமடைக் கோரைப்பாய்க்குப் பருத்தி நூல் பாவு உண்டு. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நம் இலங்கையின் தும்பறைப் பாய் தறியில் நெய்யப்படுவது. பனையோலைப் பாய் வெறும் விரலால் ஆனது. வார்ந்த ஓலைகள் பாயின் ஓரத்துக்குச் சரிவாக ஓடி, ஓரத்தில் மடங்கித் திரும்பி மறு திசையில் உள்ளே வருகின்றன. நீளத்துக்கு வேறு, அகலத்துக்கு வேறு என்ற பிரிவு இதில் கிடையாது. இதன் விளைவை வாங்குகிறவர் நினைவில் வைக்க வேண்டும்: ஓரத்தில் ஓர் ஓலை வெடித்தால் அது இரண்டு திசையிலும் பாயைத் தளர்த்தும். நடுவில் ஒரு கீறல் இருந்தாலும் சமாளிக்கலாம். ஓரம் பழுதான பாயை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

வரிசை முக்கியம். நிறத்தை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை கண்ணில் படா. கடைக்காரர் சுருட்டி வைத்திருக்கும் பாயை விரிக்கச் சொல்லும் முன்பே சோதனை தொடங்குகிறது.

1. சுருளின் வாயில் மூக்கை வைத்து முகருங்கள். உலர்ந்த ஓலைக்கு மெல்லிய வைக்கோல் வாசம் உண்டு. புழுங்கிய மணம் வந்தால் உள்ளே பூஞ்சணம் இருக்கிறது. அடுத்த பாயைக் கேளுங்கள்.
2. விரித்துத் தலைகீழாகத் திருப்புங்கள். பின்பக்கத்தில் ஓலை முனைகள் நீட்டிக்கொண்டு நிற்பதும், இடையில் ஓலை போதாமல் ஒட்டுப்போட்டிருப்பதும் தெரியும். ஒட்டு இருப்பது குற்றமில்லை. ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்தால் அந்த இடம் முதலில் விடும்.
3. இரண்டு பேராகப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்குங்கள். ஊசித்துளை போன்ற ஒளி எங்கும் பரவலாகத் தெரிந்தால் சரி. ஒரு பக்கம் அடைப்பாகவும் ஒரு பக்கம் கீற்றுக் கீற்றாகவும் ஒளி வந்தால், ஈரமாக இழைத்ததைக் காய்ந்தபின் இறுக்காமல் விட்டிருக்கிறார்கள்.
4. நான்கு ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். மடிப்பில் வெடிப்பு இருந்தால் நகத்தில் சிக்கும். மூலைகளில் நின்று பாருங்கள். கைதேர்ந்தவரின் பாயில் மூலை தட்டையாகப் படியும்.
5. ஒரு சாண் நீளத்துக்குள் எத்தனை ஓலை வருகிறது என்று பாயின் நடுவிலும் ஓரத்திலும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணும் அண்மையில் இருக்கவேண்டும்.
6. ஒரு மூலையை உள்ளங்கை அளவு வளைத்து விடுங்கள். இளம் ஓலை சத்தமில்லாமல் வளைந்து திரும்பும். நொறுங்கும் சத்தம் கேட்டால் ஓலை முற்றியது, அல்லது வெய்யிலில் அளவுக்கு மீறிக் கிடந்தது.
7. நிறப்பாய் என்றால் வெள்ளைக் கைக்குட்டையைத் துளி நீரில் நனைத்துச் சிவப்பின் மேலும் ஊதாவின் மேலும் அழுத்தித் தேயுங்கள். சாயம் இலேசாக ஒட்டுவது வழக்கம். துணி முழுக்க ஏறினால் அது உங்கள் படுக்கைவிரிப்பிலும் ஏறும்.

குறிப்பு: "அம்மா, இது குருத்தோ சார்வோ? ஓலை எப்ப வெட்டினது?" என்று கேட்டுப் பாருங்கள். தானே இழைத்தவருக்கு விடை உடனே வரும். வாங்கி விற்கிறவர் தடுமாறுவார். அதனால் அவரிடம் வாங்கக்கூடாது என்றில்லை. சோதனையைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்யவேண்டும் என்று பொருள்.

சாயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாயம் ஏற்ற ஓலையைச் சாயநீரில் கொதிக்க வைக்கிறார்கள். இன்று பெரும்பாலும் கடைச்சாயம்தான். ஒடியல் காயவைக்கவும் பனங்களி ஊற்றிப் பனாட்டுப் போடவும் எடுக்கும் பாய் நிறம் இல்லாத வெறும் ஓலையாக இருக்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

விலை ஏன் இப்படி வேறுபடுகிறது

ஒரே நீள அகலமுள்ள இரண்டு பாய்களில் ஒன்றுக்கு மற்றதைவிடப் பல மடங்கு விலை சொல்வதைக் கேட்டு, வெளியூர்க்காரர் என்று ஏமாற்றுகிறார்கள் என நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வார்ந்த ஓலையின் அகலத்தைப் பாதியாக்கினால் அதே பரப்புக்கு இரண்டு திசையிலும் இரண்டு மடங்கு ஓலை வேண்டும். ஓலை ஓலையைக் குறுக்கிடும் இடங்கள் நான்கு மடங்காகின்றன. மூன்றில் ஒன்றாக்கினால் ஒன்பது மடங்கு. ஒவ்வொரு குறுக்கீடும் விரலால் ஒரு தூக்கு, ஒரு தாழ்ப்பு. பாரசீகக் கம்பளத்தில் சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணி விலை ஏற்றுவதும் இதே கணக்குத்தான். அங்கே அதை ஒழுங்காக ஒப்புக்கொள்ளும் நாம், தீவகத்துப் பெண்ணின் கைவேலைக்கு வரும்போது மட்டும் ஓலை சும்மா கிடைப்பதுதானே என்று பேரம் பேசுகிறோம். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இழைத்த நேரத்துக்கு உரியது.

ஆனால் நுண்ணிய பாய்தான் நல்ல பாய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மெல்லிய ஓலை உடம்புக்கு இதம். படுக்கவும் விருந்தினருக்கு விரிக்கவும் ஏற்றது. நெல் காயவைக்கவும் பந்திக்கு விரிக்கவும் அகல ஓலைப் பாயே தாங்கும், அதன் விலையும் குறைவு. நெல்லுக்குப் பட்டுப்போல் இழைத்த பாயை விரிப்பது வீண் செலவு. முதலில் என்ன வேலைக்கு என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள். சிறிதாகத் தொடங்க விரும்பினால் ஒரு தடுக்கு வாங்குங்கள். ஓலையின் குணத்தை அது போதுமான அளவு கற்றுத்தரும், கெட்டாலும் இழப்பு சிறிது.

எங்கே வாங்கலாம்

நயினாதீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு. ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மனுக்கு 16 நாள் திருவிழா. அந்த நாள்களில் சனம் அலைமோதும். நாகதீப விகாரைக்கு வரும் தெற்கத்திய யாத்திரிகரும் ஆண்டு முழுக்க வருகிறார்கள். இவ்வளவு கூட்டம் வரும் இடத்தில் விற்பதெல்லாம் தீவில் இழைத்தது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. திருவிழா நெரிசலில் மேலே சொன்ன ஏழு சோதனையையும் செய்ய இடமும் கிடைக்காது. தைக்கும் சித்திரைக்கும் இடையில், மாரி ஈரம் வடிந்தபின், ஆறுதலாக வந்து வாங்குவது நல்லது. இழைக்கிறவரிடமே அளவு சொல்லிச் செய்விக்க முடிந்தால் அதைவிட நல்லது. அப்படிச் செய்விக்கும்போது முற்பணமும் போதிய நாளும் கொடுங்கள், அவசரப்படுத்தினால் ஓலை காயாமல் இழைக்கப்படும். யாழ்ப்பாணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் 'கற்பகம்' விற்பனை நிலையங்களிலும் பனையோலைப் பொருள்கள் கிடைக்கின்றன. பேரம் பேசத் தயங்குபவர்க்கு அது வசதி.

குருத்தை வெட்டினால் பனை செத்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எண்ணற்ற பனைகள் தறிபட்ட மண்ணில் அந்தக் கவலை இருக்கத்தான் வேண்டும். விடை வெட்டும் முறையில் இருக்கிறது. வளர்முனையைத் தொடாமல் ஓர் ஓலையை எடுத்து, அடுத்தது வளர விட்டு, அதே வடலிக்கு உடனே திரும்பாமல் இருந்தால் மரம் தேறிக்கொள்ளும். ஒரே வடலியை மொட்டையாக்கினால் தேறாது. இன்னொன்றையும் யோசிக்கவேண்டும்: பயன் தரும் வடலியைக் காணிக்காரர் வைத்திருப்பார், பயன் தராததைக் காணி துப்புரவாக்கும்போது முதலில் பிடுங்குவார். பாய்க்குக் கேள்வி இருக்கும்வரை வடலிக்கும் மதிப்பு இருக்கும்.

பிளாஸ்டிக் பாய் போதாதா?

மலிவு, தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், பூஞ்சணம் பிடிக்காது. இந்த மூன்றும் உண்மை. கிணற்றடிக்கும் திறந்த முற்றத்துக்கும், மழை அடிக்கும் விறாந்தைக்கும் பிளாஸ்டிக்கையே விரியுங்கள். அங்கே ஓலைப்பாயைப் போடுவது அதைக் கொல்வது. படுக்கைக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. ஓலை வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விடுகிறது. பிளாஸ்டிக் உறிஞ்சாது, மின்சாரம் நின்ற சித்திரை இரவில் முதுகு நனைந்து கிடக்கும். வெய்யிலில் கிடக்கும் பிளாஸ்டிக் பாயும் காலப்போக்கில் உடைந்து துண்டு துண்டாகும். தீவில் அந்தத் துண்டுகள் போக இரண்டே இடம்தான்: கடல், இல்லாவிட்டால் வளவு மூலையில் எரியும் குப்பை. கழுவ முடியாதே என்ற குறைக்கு விடை, கீழே வரும் துப்புரவு முறை. அது கழுவுவதைவிட வேலை கூடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பாவிக்கும்போது

தரை உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து விரியுங்கள். மாரி நாளில் சீமெந்துத் தரையும் ஓடு பதித்த தரையும் வியர்க்கும். அந்த ஈரம் கீழிருந்து ஏறுவதால் பாயின் மேற்பக்கம் வெளுப்பாகவும் அடிப்பக்கம் கறுப்பாகவும் ஆகும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவது நம்மிடம் ஊறிய பழக்கம். இரவு முழுக்க வியர்வை குடித்த பாயை உடனே சுருட்டினால் ஈரம் உள்ளே அடைபடும். அரை மணி நேரம் கொடியிலோ கதிரை முதுகிலோ காற்றாட விட்டபின் சுருட்டுங்கள்.

பாதுகாப்பு பற்றி மூன்று செய்தி. உலர்ந்த ஓலை நொடியில் தீப்பற்றும்: நுளம்புத்திரியையும் விளக்கையும் பாயின் மேல் வைக்கவேண்டாம், தட்டில் வைத்தாலும் பாய்க்கு அருகில் வேண்டாம். வழுவழுப்பான ஓட்டுத் தரையில் பாய் வழுக்கும். முதியவர் நடக்கும் வழியில் விரிக்கவேண்டாம். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஓரத்தில் கழிக்காமல் விட்ட ஈர்க்கு நுனி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து நறுக்கிவிடுங்கள்.

துப்புரவு

மாதம் ஒரு தடவை போதும். ஈரமில்லாத, காற்றுள்ள காலைப்பொழுதைத் தெரிந்தெடுங்கள்.

1. வெளியே கொண்டுபோய்க் கொடியில் அடிப்பக்கம் மேலே வரும்படி போட்டுக் கையால் தட்டுங்கள். தடியால் அடித்தால் மடிப்புகள் முறியும்.
2. மெல்லிய தும்புத்தடியால் ஓலை ஓடும் சரிவின் திசையிலேயே கூட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் தூசி இடுக்குக்குள் போகும்.
3. துணியை நனைத்து நீர் சொட்டாமல் முறுக்கிப் பிழிந்து, அதே திசையில் ஒருதரம் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் சிறிது சவர்க்கார நீர். பிறகு வெறும் ஈரத்துணி.
4. காலை வெய்யிலில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மணி நேரம் அளவு காயவிட்டு, பிறகு நிழற்காற்றுக்கு மாற்றுங்கள். உச்சி வெய்யிலில் நாள் முழுக்கக் கிடந்த ஓலை நொறுங்கும், சாயமும் வெளுக்கும்.
5. உட்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பூஞ்சணம் கண்டால் வீட்டுக்குள் வைத்துத் தட்டவேண்டாம், அதன் பொடி மூச்சில் ஏறும். வாயையும் மூக்கையும் மறைத்துக்கொண்டு வெளியே வெய்யிலில் உலரவிட்டு, உலர்ந்தபின் தட்டி, பிழிந்த துணியால் துடைத்து மறுபடி உலர்த்துங்கள். வெளுக்கும் திரவம் ஊற்றிக் கறையை எடுக்கப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. கறை போகும், ஓலையின் வலுவும் சேர்ந்து போகும். கறுப்புப் புள்ளி நிற்கட்டும். பூஞ்சணம் செத்துப்போனால் போதும்.

கடல்நீர்

இது தீவில் வாங்குபவருக்கே உரிய சிக்கல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் குறிகட்டுவான் போகும் படகில் நீர் தெறிக்கும். கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். உப்பு ஏறிய பாய் எத்தனை நாள் வெய்யிலில் கிடந்தாலும் மாலையில் மறுபடி பிசுபிசுக்கும், அதில் பூஞ்சணம் எளிதில் குடியேறும். படகில் ஏறுமுன் பாயைப் பொலித்தீனில் சுற்றுங்கள். கரையில் இறங்கியதும் சுற்றைக் கழற்றுங்கள். கழற்ற மறந்து பொலித்தீனோடு வாகனத்தில் வெய்யிலில் வைத்தால் உள்ளே வேர்த்து, தெறித்த நீரைவிட அதிகக் கேடு வரும். தெறித்துவிட்டால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து உப்பை எடுத்த பின்பே காயவையுங்கள். உப்போடு காயவைப்பதில் பயனில்லை.

மாரிக்கு முன்

ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாதி வெய்யிலில், அந்த ஆண்டு பாவிக்காத பாய்களை வெளியே எடுங்கள். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். வடக்கின் மாரியில் அந்த அளவு சாதாரணம். நன்கு உலர்ந்த பாயைத் தளர்வாகச் சுருட்டி, பழைய பருத்தித் துணியால் மூடி, சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் விலக்கிப் பரணிலோ அலுமாரியின் மேலோ கிடையாக வையுங்கள். நிமிர்த்திச் சாத்தினால் பாரமெல்லாம் ஓரத்தில் இறங்கும். மடித்து வைக்கவே கூடாது, மடிப்புக் கோட்டில் ஓலை முறியும். கறையான் தரையிலிருந்தும் சுவர் வழியாகவும் வருவதால் இந்த இடைவெளிதான் முதல் காவல். வேப்பிலை போடுவதென்றால் காய்ந்த இலையைப் போடுங்கள். பச்சை வேப்பிலையை உள்ளே வைத்துச் சுருட்டுபவர் பூச்சியை விரட்டப்போய் ஈரத்தை அடைத்துவைக்கிறார். மழை இடைவிட்டு வெய்யில் எறிக்கும் நாள் வந்தால், மாரி முடியும்வரை காத்திராமல் ஒருதரம் எடுத்து விரித்துவிடுங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

திருவிழாவுக்கு வந்து பாயோடு திரும்புகிறவர்கள் பலர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தாவரப் பொருளை வருகைப் படிவத்தில் கட்டாயம் அறிவிக்கவேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது பூச்சிநீக்கம் செய்யச் சொல்வார்கள், சிலவேளை பறிப்பார்கள். மறைத்துப் பிடிபட்டால் தண்டம். பூச்சித் துளையும் மண்ணும் இல்லாத சுத்தமான புதுப்பாய் தடையில்லாமல் போக வாய்ப்பு அதிகம். குளிர்நாட்டு வீட்டில் சிக்கல் தலைகீழாகிறது: சூடாக்கிய அறையின் வறண்ட காற்றில் ஓலை தன் சிறிதளவு ஈரத்தையும் இழந்து வெடிக்கும். சூடாக்கியின் பக்கத்தில் விரிக்கவேண்டாம். நெடுநாள் விரித்துக் கிடந்ததைச் சுருட்டுமுன் ஈரத்துணியால் இலேசாகத் துடைத்துச் சிறிது நேரம் விட்டு, இளகியபின் சுருட்டுங்கள். பூச்சி இருப்பதாக ஐயம் வந்தால், தடுக்கு போன்ற சிறியதைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்துக் குளிர் முழுதும் தணிந்தபின் பிரியுங்கள். முன்னதாகப் பிரித்தால் அதன்மேல் பனிநீர் கோக்கும்.

அறுந்த ஓலையை மாற்றுதல்

1. அதே அகலத்தில் வார்ந்த உலர்ந்த குருத்தோலை ஒன்றை எடுங்கள். வாங்கும்போதே இழைத்தவரிடம் நாலைந்து கேட்டு வாங்கி வைத்திருப்பது புத்தி.
2. விரலில் சுற்றினால் வெடிக்காத அளவுக்கு நீரில் ஊறவிடுங்கள். பாயில் பழுதான இடத்தையும் ஈரத்துணியால் நனைத்து இளக்குங்கள்.
3. அறுந்த ஓலையைப் பிடுங்கவேண்டாம். அதுதான் உங்களுக்கு வழிகாட்டி. வெடிப்பின் இரு பக்கமும் நாலு குறுக்கீடு தாண்டி, முனை மழுங்கிய ஊசியால் மேலோலைகளைத் தூக்கி, பழையதன் மேலாகவே புதியதை மேல்கீழ் மாறாமல் ஓட்டுங்கள்.
4. காயவிட்டு, தளர்ந்த இடத்தை விரலால் நெருக்கி இறுக்குங்கள். பிறகே நுனியை ஒரு மேலோலைக்கு அடியில் மறையும்படி நறுக்குங்கள். ஈரத்தில் நறுக்கினால் காய்ந்து சுருங்கியதும் நுனி நழுவி வெளியே வரும்.

ஓரத்து வெடிப்பை முதல்முறை செய்கிறவர் தொடவேண்டாம். மடிப்பைத் திருப்பிக் கொண்டுவருவது பழகிய கையின் வேலை. கூலி கொடுத்துச் செய்விப்பது பாயை இழப்பதைவிட மலிவு.

நடு நன்றாக இருந்து ஓரம் எல்லாம் போன பாயை அளவாக வெட்டி, சுற்றிவரத் துணி வைத்துத் தைத்தால் இரண்டு மூன்று தடுக்குகள் தேறும். வெட்டுமுன் வெட்டும் கோட்டின் இரு பக்கமும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தரி வைத்த நொடியில் ஓலை பிரியும். அதற்கும் உதவாததைத் துண்டாக்கித் தோட்டத்தில் தாழுங்கள். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பனையோலையை மண்ணில் தாழ்த்து உரமாக்கியது நெடுங்கால வழக்கம். சாயம் ஏற்றிய பாயை மட்டும் மரக்கறிப் பாத்திக்குள் போடாமல் தென்னை அடியில் போடுங்கள்.